தேசிங்கு வாசிக்காத கிட்டார்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று வாசகர்கள் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். ‘சூடு’ பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை எப்படி வாசிப்பது, எந்த விரலை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அதை வாசித்தவரிடம்தான் கேட்க வேண்டும். வாசித்தவர் யார் என்று நான் இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்வதானால், சென்னையில் ஒரு ஸ்டூடியோ வாசலில் நான் காத்துக்கொண்டு நின்ற காலையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

சந்தின் கடைசி வீடு அது. மாடியில் ஸ்டூடியோ, கீழே பூட்டிக் கிடந்த போர்ஷன். வெயில் அப்போதே சுள்ளென்று ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு முருங்கை மரம் பூவைக் கொட்டி வைத்திருந்தது. தேசிங்கு வருவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதற்காக நான் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்து வந்தான். தோளில் கிட்டார். அதற்கு உறை கிடையாது. மழைத் தண்ணீர் படாமல் இருக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருப்பான். அன்று மழைக்கு வாய்ப்பே இல்லை, ஆனாலும் பை இருந்தது.

“இன்னா வெளிய நிக்கிற?” என்றான்.

“கரண்டு இல்ல தேசிங்கு. எப்ப வரும்னு தெர்ல.”

“சரி, இருந்து பாக்கலாம்.”

“வாணாம். நேத்து நீ வாசிச்சதே நல்லாருக்காம். அதுவே போதும்னு சொல்ட்டாங்க.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு சுவரோரம் நிழல் இருந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். தெருமுனைக் கடையில் இருந்து நான் டீ வாங்கி வந்தேன். குடித்தான். “அப்ப நான் ரெண்டாவது ஷிப்டுக்கே போயிடறேன்” என்று சொல்லிவிட்டுப் பையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான்.

மாடியில் கரண்ட் இருந்தது. வேறொருவர் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

சுவரும் சுருதியும்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் எஸ்தர். ‘அபாயம்’ என்ற ராக் குழுவில் பாடுகிறேன், பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். தொடங்கியபோது மூன்று பேர். நான், கிட்டாருக்கு தேசிங்கு, ட்ரம்ஸுக்கு பாபு. மூவரும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தோம். நான் பாட்டில் மூடி பேக்கிங், பாபு பெயிண்ட் கம்பெனி, தேசிங்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்.

புதுவாயல் ஜங்ஷனில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. அங்கேதான் பழகினோம். அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு கம்பெனியின் ட்ரான்ஸ்பார்மர். வேலியில் சிவப்புப் பலகை, மண்டை ஓடு, ‘அபாயம்’ என்ற எழுத்து. குழுவுக்குப் பெயர் வைக்க நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு பெண் இரண்டு ஆண்களோடு தகர அறைக்குள் என்ன செய்கிறாள் என்று ஊரில் பேச்சு வந்தது. என் நைனா ஒருநாள் நேரில் பார்க்க வந்தார். ஒரு பாட்டு முழுக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். “கம்பெனில கேக்கற சத்தம் பத்தாதா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். அதன் பிறகு அவர் யாருடைய பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்களிடம் ட்யூனர் இல்லை. கிட்டாருக்குச் சுருதி வைக்க ஏதாவது ஒரு சத்தம் நிலையாக வேண்டும். ட்ரான்ஸ்பார்மர் நாள் முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரே குரலில் முனகும். தேசிங்கு சுவரில் காதை வைப்பான். கிட்டாரின் மரத்தைத் தாடையில் அழுத்துவான். மூன்றாவது தந்தியை முறுக்கி முறுக்கி அந்த முனகலோடு சேர்ப்பான். மற்ற தந்திகளை அதை வைத்துச் சேர்த்துக்கொள்வான். நான் அவனைப் பார்த்து என் பேஸைச் சேர்ப்பேன்.

கரண்ட் போனால் எங்களுக்குச் சுருதியும் போய்விடும். பவர் கட் முடியும்வரை பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து லாரிகளை வேடிக்கை பார்ப்போம்.

இதில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது சர்ச்சில்தான். அந்த பேஸ் கிட்டாரே சர்ச்சுடையது. பாடகர் குழுவுக்காக யாரோ தானமாகக் கொடுத்து, எடுப்பார் இல்லாமல் மூலையில் கிடந்தது. நாலு தந்திதானே, சுலபமாக இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் சேர்த்த சுருதியோடு நேராக ஆராதனைக்குப் போய் வாசித்தேன். கீபோர்டு வாசித்த ஆன்ட்டி முதல் வரியிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வரியில் சபையே பார்த்தது. போதகர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபத்துக்காக அல்ல.

கீபோர்டில் இருக்கிற எந்தக் கட்டையோடும் எங்கள் சுருதி சேரவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டுக்கு நடுவில், கட்டையே இல்லாத இடத்தில் அது நின்றது. தேசிங்குவிடம் வந்து சொன்னேன்.

“நம்மகிட்ட கீபோர்டு கீதா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“அப்ப இன்னா பேஜாரு?”

கட்டை இல்லாத இடம்

அந்தச் சுருதிக்குப் பின்னாளில் கிடைத்த மரியாதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் நாங்கள் மேற்கத்திய சுர அமைப்பையே நிராகரித்துவிட்டதாக எழுதினார். உழைக்கும் மக்களின் கலகம் என்று ஒரு பத்தி இருந்தது. பாபு அதை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் பத்தியில் அவன் பெயர் இருந்தது.

சென்னையிலும் பெங்களூரிலும் புதிதாக வரும் குழுக்கள் ‘அபாயம் ட்யூனிங்’ என்று சொல்லி அதே இடத்தில் கிட்டாரை வைக்கிறார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி இதன் தத்துவப் பின்னணி என்ன என்று கேட்டு மெயில் அனுப்பினாள். ட்யூனர் வாங்கவில்லை என்று பதில் போட்டேன். என் தன்னடக்கத்தைப் பாராட்டி மறுபடி எழுதினாள்.

வெளிநாட்டில் ஒரு விழாவில், உங்கள் இசை இண்டஸ்ட்ரியல் வகையா என்று கேட்டார்கள். அப்படி ஒரு வகை இருப்பது எனக்குத் தெரியாது. ஆமாம், கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்றேன். அந்தப் பெயரையும் குறித்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் வாசித்தபோது பெரிய சங்கடம். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் அதிலிருந்து வரும் முனகல் வேறு சுருதியில் இருந்தது. அந்த ஊர் மின்சாரமே வேறு வேகத்தில் ஓடுகிறதாம். மேடையில் நின்றுகொண்டு, ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்போது என் பக்கத்தில் கிட்டாரோடு நின்றது தேசிங்கு இல்லை. அவன் குழுவை விட்டுப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

பஞ்சு

கம்பி மில்லில் காதில் செருகப் பஞ்சு அடைப்பான் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக, கயிறு கோத்து இருக்கும். தேசிங்கு அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். ஒருமுறை ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

“அத்த போட்டா கம்பி வர்ற சத்தம் தெரியாது. பழுக்கக் காஞ்ச கம்பி, ரோலரை வுட்டு எகிறுச்சின்னா காலு போயிடும். காது வேணுமா காலு வேணுமா சொல்லு.”

அவன் அப்படிக் கேட்டபோது அது கேலிப் பேச்சாகத்தான் இருந்தது. முதலில் சின்னச் சத்தங்கள் போயின. சைக்கிள் மணி, குக்கர் விசில், போன் அடிப்பது. ‘ச’வும் ‘த’வும் அவனுக்கு ஒன்றுபோலக் கேட்டன. கிட்டாரில் கூர்மையான ஒலிக்கு ஒரு திருகு உண்டு. அதை அவன் கடைசிவரை திருகி வைப்பான். எங்கள் காது கூசும். அவனுக்கு அது சாதாரணமாகக் கேட்டது.

அதை நாங்கள் எங்கள் பாணி என்று சொல்லிக்கொண்டோம். கேட்டவர்களும் பாணி என்றே நம்பினார்கள். கனத்த சத்தங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. லாரி என்ஜின், என் பேஸ், ட்ரான்ஸ்பார்மர் எல்லாம் நன்றாகக் கேட்டன. அதனால்தான் சுருதி வைப்பதில் கடைசிவரை பிசகவில்லை.

நான் அவனிடம் பேசும்போது குரலை உயர்த்த ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏன் உயர்த்துகிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டீ ஆறிப்போனது

எங்கள் முதல் ஆல்பத்தைத் தன் செலவில் பதிவு செய்ய ஒருவர் முன்வந்தார். நல்ல மனிதர், காது கூர்மை. முதல் நாள் ட்ரம்ஸும் என் பேஸும் முடிந்துவிட்டன. இரண்டாம் நாள் தேசிங்கு.

காலையில் இருந்து ‘சூடு’ தொடங்கி எல்லாப் பாட்டையும் வாசித்தான். தலையில் ஹெட்போன் வைத்தால் அவனுக்குத் தன் கிட்டாரே பாதிதான் கேட்டது. தந்தியை இழுத்து அழுத்த வேண்டிய இடங்களில் சுரம் வழுக்கியது. புதுவாயல் அறையில் இதெல்லாம் சத்தத்தில் மறைந்துபோகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவன் வெளியே வந்து, “எப்டி கீது?” என்றான். நான் கட்டை விரலை உயர்த்தினேன்.

அவன் கிளம்பிப் போன பிறகு தயாரிப்பாளர் எனக்கு ஒரு டீயைக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

“இவருக்குக் காது போயிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“பிரவீண்னு ஒரு பையன் இருக்கான். செஷன் வாசிக்கறவன். தேசிங்கு வாசிச்சத கேட்டு அப்படியே வாசிப்பான், உங்க சுருதியிலயே. வெளியில பேர் வராது. ஒரு நாள் போதும். இல்லன்னா இந்த ஆல்பம் இப்படியே நின்னுடும். நீங்கதான் சொல்லணும்.”

யோசிக்க நேரம் வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். புதுவாயலுக்குப் போய் அவனிடமே சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது மூடி பேக்கிங்கை விட்டு வெளியே வர வேண்டும், அதற்கு அந்த ஆல்பம் வெளிவர வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை. நட்புக்காக, குழுவுக்காக என்றெல்லாம் எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை.

“சரி சார்” என்றேன். டீயை நான் குடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் அந்த கேட்டில் நின்று கரண்ட் இல்லை என்று சொன்னேன். பிரவீணுக்கு முழு நாள்கூடத் தேவைப்படவில்லை.

மணப்பெண் கேட்ட பாட்டு

‘சூடு’ வெளிவந்து போனில் இருந்து போனுக்கு ப்ளூடூத்தில் பரவியது. ஷேர் ஆட்டோவில் கேட்டது, கம்பெனி பஸ்ஸில் கேட்டது. ஆல்பத்தின் அட்டையில் ‘கிட்டார் – தேசிங்கு’ என்று இருந்தது. தேசிங்கு மாதிரி வாசிக்க வேண்டும் என்று பொடியன்கள் அலைந்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் அவன் குழுவை விட்டு விலகினான். “காது செரியில்ல, நீங்க வேற ஆள வெச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னான். சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. மில்லையும் விட்டுவிட்டு காக்களூரில் நட்டு போல்ட்டு செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தான்.

அவன் கல்யாணம் ஆர்.கே.பேட்டையில் நடந்தது. பெண் லோகேஸ்வரி, வீட்டில் லோகு. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்று பெண் வீட்டில் தயங்கினார்களாம். ‘சூடு’ பாட்டுக்கு கிட்டார் வாசித்தவர் இவர்தான் என்று தெரிந்ததும், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று லோகு சொல்லிவிட்டாளாம். அவளுடைய சித்தி இதை எனக்குச் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார். இலையில் வைத்த வடையை ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

வரவேற்பில் மைக் செட்காரரிடம் மணப்பெண்ணே அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கிப் போட வைத்தாள். தொடக்கத்தில் கிட்டார் வரும்போது மாலைக்கு நடுவில் இருந்து தேசிங்குவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நேராகப் பார்த்தபடி நின்றான். அவனுக்குப் பாட்டு கேட்கவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் உண்மையைச் சொல்வதற்கான வழி எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே பதினைந்து வருஷத்தை ஓட்டினேன்.

ஒரு பெயருக்கான இடம்

இந்த வருஷம் அந்த ஆல்பத்தை மறுபடியும் கொண்டுவருகிறார்கள். பெரிய கருப்பு இசைத்தட்டாக. இப்போது அதற்குத்தான் மவுசாம். கம்பெனியில் இருந்து மெயில் வந்தது. பிரவீண் என்பவர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார், ‘சூடு’ உட்பட ஆல்பம் முழுக்கக் கிட்டார் தான்தான் வாசித்ததாகச் சொல்கிறார், நீங்கள் உறுதி செய்தால் மாற்றிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பிரவீண் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. தன் கையால் வாசித்ததற்கு அடுத்தவனைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் போட்டால் தேசிங்குவின் பெயரை எடுக்க வேண்டும். கிட்டாரும் போய், காதும் போய், அவனிடம் மிச்சம் இருப்பது அட்டையில் உள்ள அந்த ஒரு வரிதான்.

இந்த முறையாவது அவனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று காக்களூருக்குக் கிளம்பினேன்.

அங்கே நடந்ததை எழுதலாமா என்று பிறகு போன் செய்து கேட்டேன். லோகுதான் எடுத்தாள். “எழுதுக்கா. ஒண்ணு வுடாம எழுது. எங்க வூட்டு ஆளு வாராவாரம் உன் பக்கத்தத்தான் மொதல்ல படிக்குது” என்றாள். அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

காக்களூர்

அவர்கள் வீடு மாறியிருந்தது எனக்குத் தெரியாது. தெருவுக்குள் நுழைந்து லோகுவின் எண்ணுக்கு அடித்தேன். எதிரே ஒரு மாடி வீட்டில் இருந்து, அவள் போன் மணியாக, ‘சூடு’ பாட்டின் கிட்டார் கேட்டது. வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தேசிங்கு பனியனும் லுங்கியுமாகக் கட்டிலில் இருந்து எழுந்து இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். தலை நரைத்துவிட்டது. காது மெஷின் பீரோவில் இருக்கிறது என்றான். “அத்த போட்டா ஒலகமே கத்துது, எனக்கு இதான் வசதி.” வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறான். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரிவதில்லை. சாதாரணமாகப் பேசுவதே கீழ் வீட்டுக்குக் கேட்கும்.

லோகு உள்ளே கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் சொல்லிவிட வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“தேசிங்கு, ‘சூடு’ பாட்டுல...”

“இன்னா?”

“‘சூடு’ பாட்டு. அதுல நீ வாசிச்சது...”

“ஆமா, ஆமா. இன்னும் ஓடிக்கினு கீதாம். லோகு சொல்லும்.”

இப்படி மூன்று முறை ஆனது. இத்தனை காலம் உள்ளே வைத்திருந்ததை வாய்க்குள் முனகிச் சொல்லலாம் என்று நினைத்து வந்திருக்கிறேன். அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

“அத்த வாசிச்சது நீ இல்ல” என்று கத்தினேன். “வேற ஆள வெச்சு வாசிச்சிட்டோம். நான்தான் சரின்னு சொன்னேன்.”

கீழ் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

தேசிங்கு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெர்யும்” என்றான்.

“எப்டி தெர்யும்?”

“அன்னிக்கி ஏசி ஓடிக்கினு இருந்துச்சி. நீ கரண்டு இல்லன்ன. நான் செவுத்துல சாஞ்சு உக்காந்தேன். முதுகுல அதிருது. வெளிய மாட்டுவாங்களே, அந்தப் பெட்டி. எனக்கு மத்தது கேக்கலன்னாலும் அது கேக்கும் எஸ்தரு.”

எனக்கு அந்த வெயில், அந்த டீ, அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது எல்லாம் திரும்ப வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடிப் பயனில்லை.

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். இன்னாத்துக்கு?” என்றான். “அப்புறம் பாட்டு வந்துச்சி. அப்ப எனக்குக் கொஞ்சம் கேக்கும். செல்போனைக் காதுல அழுத்தி வெச்சிக் கேட்டேன். என்னுது மாதிரியேதான் இருந்துச்சி. ஆனா நான் தப்பு வுடற எடத்துல அந்த ஆளு தப்பு வுடல.”

இசைத்தட்டு விஷயத்தைச் சொன்னேன். பிரவீண் கேட்பதைச் சொன்னேன். உன் பெயரை எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கத்தித்தான் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை.

“எடுத்துடு. வாசிச்சவன் பேருதான் இருக்கணும். அவனும் எத்தினி வருஷம் சும்மா இருப்பான்?” என்றான். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னான்.

“ஒண்ணே ஒண்ணு. லோகுகிட்ட மட்டும் சொல்லாத. அது அந்தப் பாட்டுக்காவத்தான் என்ன கட்டிக்கினு வந்துச்சி. தட்டுல பேரு இங்கிலீசுலதான போடுவாங்க? அது படிக்காது. அப்டியே போவட்டும்.”

அவனுக்குப் பின்னால், சமையல்கட்டு வாசலில், கையில் தண்ணீர் டம்ளரோடு லோகு நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது வந்தாள் என்று தெரியாது. நான் கத்தியதும் வந்திருக்க வேண்டும். தேசிங்கு என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். என் கண் அவனைத் தாண்டிப் போனால் அவன் திரும்பிவிடுவான். எத்தனையோ மேடையில் நின்றிருக்கிறேன், முகத்தை அசையாமல் வைத்திருக்க அவ்வளவு பாடுபட்டதில்லை.

லோகு மெல்ல வந்து டம்ளரை என் கையில் கொடுத்தாள். அவன் நாற்காலிக்குப் பின்னால், அவள் வாய் அவனுக்குத் தெரியாத இடத்தில் நின்றாள்.

“அப்ப எம் போனுல வாசிக்கறது யாரு அக்கா?” என்று கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

நான் டம்ளரை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டேன். “பிரவீண்னு ஒருத்தரு.”

அவள் தலையை ஆட்டினாள். “நல்லா வாசிச்சிருக்காரு” என்றாள்.

டம்ளர் வெகு நேரம் என் வாயிலேயே இருந்ததில் தேசிங்குவுக்கு ஏதோ பட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தான். “இன்னா சொல்லுது?” என்று என்னைக் கேட்டான்.

லோகு சுற்றி வந்து அவனுக்கு எதிரே நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் படித்துக்கொள்வதற்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னாள்.

“அக்காவ சாப்ட்டுட்டுப் போ சொன்னேன்.”

“ஆமா எஸ்தரு, சாப்ட்டுட்டுப் போ” என்றான்.

தரையில் மூன்று தட்டு வைத்தாள். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எந்த வீட்டிலும் வந்தவர்களுக்குத்தான் முதலில் போடுவார்கள். லோகு அவன் தட்டில் முதலில் சோற்றைப் போட்டாள்.